பதினைந்தாவது வீடு

அத்தியாயம் 12

பதினான்கு வீடுகளை முடித்துவிட்டாள் பிரயோங். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அவளுடைய வீடு.

தாய்லாந்தின் நோங் கிராதும் ஊரில் சுகாதாரத் தொண்டர்களுக்கு ஆளுக்குப் பதினைந்து வீடு. கோயில் முனையிலிருந்து ஆற்றங்கரை வரை நீளும் சந்து பிரயோங்கின் பங்கு. கொசு மருந்து, சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம் என்று பத்தொன்பது வருடமாக அந்தச் சந்தின் படிகளை ஏறி இறங்கியவள் அவள். இந்த ஜூலையில் அவள் கையில் ஒரு டேப்லட்டைக் கொடுத்திருந்தார்கள்.

அறுபது வயதைத் தாண்டியவர்கள் அதன் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். அது பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும். எத்தனை சொல் வந்தது, நடுவில் எவ்வளவு நேரம் மௌனம் என்று அளக்கும். கடைசியில் ஒரு வட்டம் காட்டும். பச்சை என்றால் ஞாபகத்துக்குக் குறைவில்லை. மஞ்சள் என்றால் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிவப்பு என்றால் உடனே போக வேண்டும்.

மூன்று வாரமாகப் பிரயோங் அந்த மஞ்சளுக்குத்தான் பயந்துகொண்டிருந்தாள்.

போன புதன்கிழமைக் காலையை ஊர் இன்னும் மறக்கவில்லை. தினமும் ஆறு மணிக்குத் தலைவர் வீட்டு மைக்கில் ஊர் அறிவிப்பைப் படிப்பவர் அவள் கணவர் தவின். சம்பளமில்லாத வேலை, இருபத்திரண்டு வருடமாக ஒரு நாள் தவறியதில்லை. அந்தப் புதன்கிழமை அவர் தன் கனத்த, நிதானமான குரலில், பெரியவர் சோமுக்கு அன்று மாலை நான்கு மணிக்குக் கோயிலில் தகனம் என்று அறிவித்தார். சோமைத் தகனம் செய்து எட்டு நாள் ஆகியிருந்தது. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தவர்களே ஏழு பேர்.

"தப்பு என்னோடது, பழைய காகிதத்தை எடுத்துக் குடுத்துட்டேன்" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள் பிரயோங்.

அன்று அவள் எழுதிக் கொடுத்தது நாய்க்கடி ஊசி பற்றிய காகிதம். பழையது அவர் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அல்லது அப்படி அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு வியாழன்.

காலை அறிவிப்பு ஒழுங்காக முடிந்தது. மழை நின்ற வானத்தில் அவர் குரல் நான்கு ஒலிபெருக்கிக் கொம்புகளின் வழியாகப் பரவி, வயல் தண்ணீரில் பட்டுத் திரும்பி வந்ததைக் கஞ்சி கிளறிக்கொண்டே கேட்டாள். ஒரு வரியும் பிசகவில்லை. அவள் எழுதியது எழுதியபடி வந்தது.

ஆறரைக்கு அவர் வந்து தட்டின் முன் உட்கார்ந்ததும் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"நிம் அப்பா, ஒரு தடவை சொல்லுங்க பார்ப்போம்."

"வாயில கஞ்சி இருக்கு."

"முழுங்கிட்டுச் சொல்லுங்க."

"யானை, குதிரை, மாடு, எருமை, நாய், பூனை." அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்புறம் கொசு."

"கொசு எங்க வந்துச்சு? நான் சொல்லிக் குடுத்ததுல கொசுவே கிடையாது."

"மூணு வருஷமா அதுக்கு மருந்தடிக்கச் சொல்லி நான்தானே அறிவிக்கிறேன். எனக்கு அது பெரிய விலங்குதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, "பூனைக்கு அப்புறம் முயல், ஆமை, குரங்கு. எத்தனை தடவை சொல்றது?" என்றாள். பத்து நாளாக இதே பாடம்தான். விலங்குகள் முடிந்ததும் படம். சந்தையில் ஒரு பெண், கவிழ்ந்த கூடை, உருண்டு ஓடும் மாம்பழங்கள். பதினான்கு வீடுகளில் அந்தப் படத்தைக் காட்டியவளுக்கு அது மனப்பாடம். அவருக்கும் மனப்பாடம் ஆக்கிவிட்டிருந்தாள்.

ஏழு மணிக்கு சோன்புரியிலிருந்து மகள் நிம் போனில் வந்தாள். அங்கே ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. தகன விஷயம் 'லைன்' செயலியில் இருக்கும் ஊர் குரூப் வழியாக அவள் காதுக்குப் போயிருந்தது.

"அம்மா, ரிசல்ட் வந்த உடனே எனக்குச் சொல்லு. மறைக்காத."

"மறைக்க என்னடி இருக்கு?"

"மஞ்சள்னு வந்துச்சுன்னா மைக்கும் வேணாம், அறிவிப்பும் வேணாம். ரெண்டு பேரும் கிளம்பி இங்க வந்துடுங்க. ஊரே சிரிக்கிறதை என்னால தூரத்துல இருந்து கேட்டுக்கிட்டு இருக்க முடியாது."

பிரயோங் போனை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். அவர் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டிருந்தார். டேப்லட்டைப் பார்ப்பதற்கு!

அந்த மைக் இல்லாவிட்டால் இந்த மனிதர் காலை ஆறு மணிக்கு எங்கே போவார்? சோன்புரியில் ஒன்பதாவது மாடியில் எந்த ஊருக்கு எதை அறிவிப்பார்? பச்சை வந்தே ஆக வேண்டும்.

---

பத்து மணிக்கு ஸ்கூட்டரில் வந்தாள் கன்லயா. சுகாதார நிலையத்து நர்ஸ். ஊர் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடும். மலைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. தொண்டர்கள் தங்கள் சொந்த வீட்டைத் தாங்களே சோதிக்கக் கூடாது என்பது விதி. அதனால் பதினைந்தாவது வீட்டுக்கு அவளே வந்திருந்தாள்.

கும்பிட்டு முடித்ததும் முதல் கேள்வி பிரயோங்குக்கு.

"யோங் பெரியம்மா, உங்க சந்துல எல்லாரும் ஒரே பஸ்ல மிருகக்காட்சி சாலைக்குப் போயிட்டு வந்தாங்களா?"

"ஏன் டாக்டரம்மா?"

"நீங்க அனுப்பின எழுத்தையெல்லாம் பார்த்தேன். எட்டு பேர். எட்டு பேரும் யானை, குதிரை, மாடு, எருமை, நாய், பூனை. ஒருத்தர்கூட வரிசை மாறலை. யானை ஊருக்குள்ள வந்து வருஷக்கணக்கா ஆச்சு, எல்லாருக்கும் அதுதான் முதல்ல ஞாபகம் வருது!"

பிரயோங்கின் முகம் சூடானது. சாயங்கால உடற்பயிற்சி முடிந்ததும் எல்லோரையும் உட்கார வைத்துப் பாட்டு மாதிரிச் சொல்லிக் கொடுத்தது அவள்தான். பக்கத்து ஊரில் எல்லாம் பச்சையாம், நம்ம ஊர் மானம் போகக் கூடாது என்று தலைவர் விச்சியன் வேறு சொல்லியிருந்தார்.

"பாவம், பயந்தாங்க. அதான்..."

"சளி இருக்கிறவங்களுக்கு இருமாம இருக்கச் சொல்லிக் குடுத்தா சளி போயிடுமா பெரியம்மா?" கன்லயா கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது. "அந்த எட்டு பேரையும் திரும்ப எடுக்கணும். இந்தத் தடவை பழங்கள் பேரு. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடுங்க. பெரியப்பாவுக்குத்தான் இன்னும் எடுக்கவே இல்லையே, அவருக்கு விலங்கே இருக்கட்டும்."

அவருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்ல அதுதான் சமயம். பிரயோங் டாக்டரம்மாவுக்குப் பாயை விரித்துப் போட்டாள்.

"வீட்டு ஆளுங்க உள்ள இருக்கக் கூடாது, பெரியம்மா."

அவள் வள்ளைக்கீரைக் கட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். தூண்களின் மேல் உயர்த்திக் கட்டிய மரவீடு அது. கீழே பலகைக் கட்டிலில் உட்கார்ந்தால், மேலே ஒருவர் பெருமூச்சு விட்டாலும் பலகை இடுக்கு வழியாகக் கேட்கும்.

டேப்லட்டிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. ஒரு நிமிடத்துக்குள் தெரிந்த விலங்குகளின் பெயர்களையெல்லாம் சொல்லச் சொன்னது. மணி அடித்தது.

"வணக்கம்மா" என்றார் தவின். "சாப்பிட்டீங்களா?"

"பெரியப்பா, அது மெஷின்! நேரம் போகுது!"

"மெஷினா இருந்தா என்ன, வீட்டுக்கு வந்திருக்கு இல்ல? சரி, சொல்றேன். யானை, குதிரை, மாடு, எருமை, நாய், பூனை."

நின்றுவிட்டது.

முயல், என்றாள் பிரயோங் மனத்துக்குள். முயல், ஆமை, குரங்கு. கீரைத் தண்டு அவள் விரலில் நசுங்கியது. மேலே ஒரு சத்தமும் இல்லை. மேல் பலகையைத் தட்டிவிடலாமா என்று நிமிர்ந்து பார்த்தாள். ஐந்து வினாடி. ஆறு. ஏழு.

"இப்படி வேணாம்" என்றார் தவின். "கோயில் முனையில இருந்து வர்றேன்."

முப்பத்தொரு வருடம் தபால்காரராக இருந்தவர் அவர். அந்தக் குரல் திடீரென்று லேசானது, சைக்கிளில் ஏறி உட்கார்ந்ததுபோல.

"கோயில்ல மயில். அதுக்கு அடுத்து சாலி டீச்சர் வீடு, வாத்து. பக்கத்துல சண்டைச் சேவல், கூடைக்குள்ள. அந்த வீட்டுப் புறா என் தொப்பி மேல உக்காரும். வான் வீட்டுல பன்னி, குட்டிங்களோட. அவன் தெற்கே போயி வாங்கிட்டு வந்த குரங்கு, கயித்துல கட்டிப் போட்டிருக்கும், கடிதாசியப் பிடுங்கும். குளத்துல ஆமை, தவளை, விரால் மீனு. அப்புறம் குளத்தங்கரையில... அந்தப் பேரைப் பொம்பளைப் புள்ளைங்க முன்னாடி சொல்லக் கூடாது டாக்டரம்மா, நீளமா நாக்கை நீட்டிக்கிட்டு வரும், அது கணக்குல வேணாம்."

நீருடும்பின் பெயர் அந்த ஊரில் ஒரு கெட்ட வார்த்தை. கன்லயா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கீழே கேட்டது. பிரயோங்கும் சிரித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. வருகிறது! தானாக வருகிறது!

"முவான் அண்ணன் வீட்டுல எருமை, மூணு. பெருசுக்கு ஒரு கொம்பு முறிஞ்சிருக்கும். கொட்டகைக்கு மேல எலி, எலியைப் பிடிக்க ஆந்தை. எதிர்வீட்டுல கூண்டு மைனா, அது என்னை 'தபால்'னு கூப்பிடும். ஆத்தங்கரையில கொக்கு, நண்டு, அட்டை..."

மணி அடித்தது.

பிரயோங்கின் சிரிப்பு அதற்குச் சற்று முன்பே நின்றிருந்தது.

வானின் குரங்கு செத்தபோது நிம் நான்காம் வகுப்பில் இருந்தாள். சாலி டீச்சர் வாத்து வளர்த்த இடத்தில் இப்போது மளிகைக் கடை. அந்த மைனா, அந்தச் சேவல், மூன்று எருமைகள், ஒன்றும் இப்போது இல்லை. அவர் நடந்து வந்தது இந்தச் சந்துதான். ஆனால் இன்றைய சந்து அல்ல.

அதனால் என்ன, என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பழைய தபால்காரர். பழைய வழியில் போய் எடுத்துக்கொண்டு வந்தார். அது கெட்டிக்காரத்தனம் இல்லையா?

படத்தை அவர் கடகடவென்று சொல்லி முடித்தார். உருண்ட மாம்பழம் எத்தனை என்பது உட்பட.

"பச்சை!" மேலேயிருந்து கத்தினாள் கன்லயா. "பெரியம்மா, மேல வாங்க! நான் எடுத்ததுலயே இவரோடதுதான் அதிகம்!"

திரையில் பச்சை வட்டம். தவின் பொத்தானைக் கழற்றியபடி, பரிசு வாங்கிய பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இதை யாராவது திரும்பக் கேப்பாங்களா?" பிரயோங் மெதுவாகக் கேட்டாள்.

"பச்சையை யாரும் கேக்க மாட்டாங்க பெரியம்மா. ஆயிரக்கணக்குல இருக்கே. மஞ்சளும் சிவப்பும் மட்டும் ஆஸ்பத்திரியில உக்காந்து கேப்பாங்க. இனி அடுத்த வருஷம்தான். கீழ தொண்டர் குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதுல 'ஒன்றுமில்லை'ன்னு போட்டு, அந்த எட்டோட சேத்து அனுப்பிடுங்க."

ஸ்கூட்டர் போய்விட்டது. டேப்லட் பிரயோங்கின் மடியில் இருந்தது.

---

மதியச் சாப்பாடு முடிந்து, பழங்கள் சொல்ல வைக்க அவள் சந்தில் இறங்கினாள். இரண்டு வீடு முடித்துவிட்டு முவான் வீட்டுக்குப் போனால், அங்கே தவின் நின்றுகொண்டிருந்தார். கையில் வாளி. பழைய கொட்டகை இருந்த இடத்தில் நிற்கும் முவானின் பிக்கப் வண்டியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணே உங்க எருமைங்க?" என்றார் தவின். "மிளகாய்ச் செடிக்குக் கொஞ்சம் எரு வேணும்."

பிரயோங் வேலிக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டாள்.

முவானுக்கு எழுபத்தாறு வயது. பலகையில் உட்கார்ந்து வலையின் ஓட்டையைத் தைத்துக்கொண்டிருந்தவர், ஊசியைக்கூட நிறுத்தவில்லை.

"வயலுக்குப் போயிருக்கு தவின். பொழுது சாஞ்சுதான் வரும். கோழி எரு இருக்கு, அதை எடுத்துக்கோ. மிளகாய்க்கு அதுதான் நல்லது, காரம் ஏறும்."

"உங்க கோழி தின்னுறதே மிளகாதானே, ஏறாம என்ன!"

"உன் வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்ல. பின்னாடி போ, சாக்குல இருக்கு."

தவின் சிரித்துக்கொண்டே வீட்டின் பின்பக்கம் போனார். பிரயோங் உள்ளே வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் முவான் வலையை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

"எத்தனை நாளா, முவான் அண்ணே?"

"எது?"

"இந்த மாதிரி. எருமையைக் கேட்டு."

முவான் தலையைச் சொறிந்தார். "சோங்கிரான் பண்டிகைக்கு முன்னாடியே ஒரு தடவை வந்தான். அப்புறம் ரெண்டு மூணு தடவை."

ஏப்ரலில் இருந்து. மூன்று மாதம்.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"எப்படிச் சொல்றது, யோங்? நீ வீடு வீடா வந்து 'தப்பு என்னோடது'ன்னு சொல்லிட்டு இருக்க. மூஞ்சிக்கு நேரா, இல்லம்மா, உன் வீட்டுக்காரனுக்குத்தான் ஞாபகம் தப்புதுன்னு யாரு சொல்லுவா? உனக்கு மனசு கஷ்டமாயிடுமேன்னு இருந்துட்டோம்."

"இருந்துட்டோம்னா? வேற யாரு?"

"சாலி டீச்சர் கடையில ஒரே சோப்பை ஒரே நாள்ல மூணு தடவை வாங்கினான். அவங்க மூணாவதைத் திருப்பி வாங்கி வெச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்லலை. அன்னைக்குக் கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு கோயிலுக்குப் போனோமே, ஏழு பேர். நாங்க தகனம்னு நெனச்சா போனோம்? சோமை எரிக்கும்போது கூட நின்னவங்கதானே நாங்க. ஒருத்தரும் வரலைன்னா தவின் சங்கடப்படுவானேன்னுதான் போனோம்."

பிரயோங் அங்கேயே பலகையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

ஊர் சிரிக்கிறது என்றாள் நிம். ஊர் சிரிக்கவில்லை. அவள் மூடி மூடி வைத்ததை, அவளுக்குத் தெரியாமல், சந்து முழுக்க ஆளுக்கொரு கை பிடித்து மூடிக்கொண்டிருந்திருக்கிறது. இத்தனை கைகள் சேர்ந்து மறைத்தால் எந்த மெஷின்தான் அவரைப் பார்க்கும்? எந்த டாக்டர் பார்ப்பார்?

"அழாத யோங். அவன் வர்றான்."

அவள் முகத்தைச் சாம்பல் நிறத் தொண்டர் சட்டையின் கையால் துடைத்துக்கொண்டாள். தவின் வாளி நிறைய எருவோடு வந்தார்.

"நீ இங்க என்ன பண்ற?"

"முவான் அண்ணனைப் பழம் சொல்ல வைக்க வந்தேன்."

"சொல்லுங்கண்ணே, பயப்படாதீங்க" என்றார் தவின் பெருந்தன்மையாக. "எனக்கு இன்னைக்குப் பச்சை."

---

நான்கு மணி. எட்டு பேருக்கும் சோதனை முடிந்திருந்தது. முவானுக்கும் இன்னொருவருக்கும் மஞ்சள். முவான் அதைப் பார்த்து, "கட்டாயம் போய்க் காட்டிடறேன், நீ கவலைப்படாத" என்று அவளைத் தேற்றி அனுப்பினார்.

ஒன்பதாவது பதிவு தவினுடையது. அதன் கீழே குறிப்புக் கட்டம் காலியாக இருந்தது. ஒன்றுமில்லை என்று தட்ட அரை நிமிடம் ஆகாது. தட்டினால் நாளை காலை ஆறு மணிக்கு அவர் குரல் கேட்கும். அடுத்த மாதமும் கேட்கும். எதுவரைக்கும் என்றுதான் தெரியாது. மருந்தால் பிடித்து நிறுத்த முடிகிற காலம் இதுவாகவே இருந்து, அதை அவளே பச்சை வட்டத்துக்குள் பூட்டி வைத்துவிட்டால்?

வேறு வழியும் இருந்தது. அவருக்குத் தெரியாமல் எழுதி அனுப்பிவிடலாம். அதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. நாற்பது வருடத்தில் அவரைப் பற்றி அவருக்குப் பின்னால் அவள் ஒரு வார்த்தை எழுதியதில்லை.

"நிம் அப்பா, கை கழுவிட்டு மேல வாங்க. உங்க குரலைக் கேக்கலாம்."

இருபத்திரண்டு வருடம் ஊர் கேட்ட குரலை அவர் உட்கார்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

"யாரு இது? ஆளு நல்லா பேசறானே!" என்றார். 'சாப்பிட்டீங்களா' வந்ததும் தொடையில் தட்டிச் சிரித்தார். ஏழு வினாடி மௌனத்தின்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோயில் முனை வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். மயில், வாத்து, சேவல். பாயின் மேல் அவருடைய வலது பாதம் லேசாக அமுங்கி எழுந்துகொண்டிருந்தது, பெடல் மிதிப்பதுபோல.

மூன்று எருமைகள் வந்தபோது பாதம் நின்றது.

அவர் கண்ணைத் திறந்து பதிவு முடியும்வரை கேட்டார். பிரயோங் காத்திருந்தாள். இந்தத் தடவை அவள் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"முவான் அண்ணன் எருமையெல்லாம் வயலுக்குப் போயிருக்குன்னாரு" என்றார்.

"ஆமா."

"அவருக்கு ஏது வயலு? வித்துட்டாரே."

"ஆமா."

"அப்ப எருமை?"

"அதை அதுக்கு முன்னாடியே வித்தாச்சு. நிம் ஸ்கூல் முடிச்ச வருஷம். இருபது வருஷமாச்சு."

அவர் தன் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணில் கோழி எரு இன்னும் இருந்தது.

"எல்லாம் இருந்துச்சு யோங். ஒவ்வொரு வாசல்லயும் நின்னு நின்னுதான் வந்தேன்."

"தெரியும். கீழ உக்காந்து நானும் உங்க கூடவே வந்தேன்."

"மைக் முன்னாடி எனக்குப் பயமில்ல. நீ எழுதினது கையில இருக்கும். திரும்பி வர்ற வழியிலதான். இப்ப என்ன படிச்சீங்கன்னு யாராவது கேட்டுட்டா?" அவர் நிறுத்தினார். "அதான் காகிதத்தைப் பையிலயே வெச்சுக்குறது."

"எத்தனை நாளா?"

"உன்கிட்ட சொன்னா நீ தூங்க மாட்ட."

"சொல்லாம இருந்து நான் ரொம்பத் தூங்கினேனா?"

அவர் மெல்லச் சிரித்தார். அவளும். வெளியே யாரோ மாடிப்படி உயரத்துக்குப் பம்பளிமாஸ் பழங்களை அடுக்கிய வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"இதை நீ பச்சைன்னு விடக் கூடாது" என்றார் தவின்.

"மைக்?"

"விச்சியன்கிட்ட நான் பேசிக்கறேன். நீ எழுது. எப்பவும் நீதானே எழுதுவ."

அவள் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். முடித்ததும் டேப்லட்டை அவரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, வழக்கம்போல நிதானமாகப் படித்தார்.

"'இவர் சொன்ன விலங்குகள் பல வருடங்களுக்கு முன் எங்கள் சந்தில் இருந்தவை. அவை இன்றும் இருப்பதாக இவர் நினைக்கிறார். முதல் ஆறு விலங்குகளையும் படத்தையும் பத்து நாளாக நான் சொல்லிக் கொடுத்தேன். தவறு என்னுடையது. தயவுசெய்து இந்தப் பதிவை யாராவது உட்கார்ந்து கேளுங்கள். பிரயோங், மனைவி.'"

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அந்தச் சொல்லிக் குடுத்த வரியை எடுத்துடு. உன் தொண்டர் சட்டையைக் கழட்டச் சொல்லிடுவாங்க."

"சொல்லட்டும். துவைக்கிற வேலை மிச்சம்."

"தொண்டர்னு போடாம மனைவின்னு போட்டிருக்க?"

"அது இருக்கட்டும்."

அனுப்பு என்ற பொத்தானை அவரே அழுத்தினார். பச்சை வட்டம் அப்படியேதான் இருந்தது. அதன் கீழே மட்டும் 'குறிப்பு உள்ளது' என்று சின்னதாக ஒரு வரி வந்தது. ஐந்து நிமிடத்தில் கன்லயாவிடமிருந்து பதில். திங்கட்கிழமை எட்டரை மணிக்கு மாவட்ட ஆஸ்பத்திரி. பெரியம்மாவும் கூட வர வேண்டும். அதற்குக் கீழே, கும்பிடும் இரண்டு கைகளின் படம்.

"நிம்முக்குப் போன் போடு" என்றார் தவின்.

"நான் சொல்லிக்கறேன்."

"நீ சொன்னா நடுவுல அழுவ. குடு இங்க."

கையில் காகிதம் இல்லாமல் அவர் பேசினார்.

"நிம்மா, அப்பா பேசறேன். பச்சைதான் வந்துச்சு. ஆனா அது சரியில்லன்னு உங்கம்மா சொல்றா. மெஷின் நல்ல மெஷின்தான், குறை சொல்லலை. ஆனா உங்கம்மா சொல்றதுதான் சரி. எனக்கு ஞாபகம் தப்புதும்மா."

அந்தப் பக்கத்தில் நிம் என்ன சொன்னாள் என்று பிரயோங்குக்குக் கேட்கவில்லை. முதலில் வேகமாக ஏதோ, பிறகு ஒன்றுமில்லை, பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். தவின் "உம்" என்றார். இன்னொரு "உம்". "அழக் கூடாது. பஸ்ஸுல பத்திரமா வா" என்றார். போனை அணைத்து அவளிடம் கொடுத்தார்.

"சனிக்கிழமை வர்றாளாம். துணியெல்லாம் எடுத்து வைக்கச் சொல்றா."

"ம்."

"எந்த ஊருக்குப் போறோம், யோங்?"

பிரயோங் அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி செய்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா? நாற்பது வருடமாக அந்த முகத்தில் அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. இன்று அவளால் சொல்ல முடியவில்லை.

அவள் பாயில் நகர்ந்து, அவர் பக்கத்தில் தோள் படும்படி உட்கார்ந்தாள்.

"எந்த ஊருக்கும் இல்ல" என்றாள். "திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு மட்டும். நானும் கூட வர்றேன்."